ஜப்பான் படக்காரர்

அவர் முதல் தடவை எங்கள் வீட்டுக்குள் வந்தபோது கையில் ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. விரல் நீளம், விரல் அகலம். கல்யாணமாகி நான் கோரமண்டல் தங்கச் சுரங்கக் குடியிருப்புக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. என் வீட்டுக்காரர் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்தார். வாசலில் அறுபது வயதை நெருங்கும் ஒரு மனிதர் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, காலில் பழைய மைன்ஸ் பூட்ஸ். பேர், ஊர் ஒன்றும் சொல்லவில்லை.

"உங்க செவுத்துல வெடிப்பு எந்தப் பக்கம் கீதும்மா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் சமையலறைச் சுவரை அவரே கண்டுபிடித்துவிட்டார். வெடிப்பின் மேல் கண்ணாடியைக் குறுக்காக வைத்து, இரண்டு முனையிலும் வெள்ளை சிமென்ட் அப்பி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினார். சுவர் இம்மியளவு நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும், உடைந்தால் உடனே தனக்குச் சொல்ல வேண்டும் என்றார். போகும்போது என் கேஸ் அடுப்பையும் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டாவது வீட்டில் இருப்பவர் என்று என் வீட்டுக்காரர் சாயங்காலம் சொன்னார். மைன்ஸ் ஓடிய காலத்தில், பூமிக்கடியில் பாறை வெடித்து மேலே வீடெல்லாம் குலுங்கும்போது, அந்தக் குலுக்கலை ஊசி ஒன்று காகிதத்தில் கோடாக வரையுமாம். அந்த ஊசி இருந்த அறையில் இவருக்கு வேலை. மைன்ஸ் மூடிய பிறகு அறையும் மூடிவிட்டது. இவர் மட்டும் வேலையை விடவில்லை. சுவரைத் தட்டிக்கொண்டே இருக்கும் மனுஷனோடு குடித்தனம் பண்ண முடியாது என்று சொல்லி, மனைவி ஓசூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய எங்கள் லைனில் ஏழு வீடு. எல்லோரும் அவரை முகத்துக்கு நேரே 'அங்கிள்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'ஜப்பான் படக்காரர்' என்பார்கள்.

அந்தப் பெயருக்குக் காரணம் அவர் வைத்திருந்த ஒரு பிஸ்கட் டின். அது நிறைய டிவிடி. எல்லாமே ராட்சத மிருகப் படங்கள். கடலிலிருந்து எழுந்து வருவது, முட்டையிலிருந்து வருவது, வானத்திலிருந்து விழுவது. படங்களின் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு தட்டின் மேலும் ஸ்கெட்ச் பேனாவால் 'ஜ' அல்லது 'அ' என்று எழுதி ஒரு எண் போட்டிருப்பார். ஜப்பான் மூணு, அமெரிக்கா ஏழு. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கரண்ட் இருந்தால், கதவைத் திறந்து வைத்துப் படம் போடுவார். கடைசி வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்த அக்காவும் நானும் தவறாமல் போவோம். அக்கா கையில் எப்போதும் கொக்கி கட்ட வேண்டிய ஒரு ஜாக்கெட் இருக்கும்.

எனக்கு அமெரிக்கப் படங்கள்தான் பிடிக்கும். தோலும் பல்லும் நிஜம் போல இருக்கும். ஜப்பான் படத்தில் மிருகம் நடந்து வருவதைப் பார்த்தாலே அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடும். அட்டைப்பெட்டிக் கட்டடங்கள், பொம்மை ரயில், நடுவில் ரப்பர் உடம்பு. அவர் சிரிக்க மாட்டார். டிவிக்கு அருகில் போய் மிருகத்தின் காலைக் காட்டுவார்.

"முட்டிய பாரும்மா. மடங்குது பாரு. உள்ள ஒரு ஆள் கீறான். அவனுக்கு இன்னா வேர்வை வேர்க்கும் தெரியுமா?"

சுரங்கத்தின் அடியில் கடைசி லெவலில் ஷிஃப்ட் பார்த்தவர்கள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்து சட்டையைப் பிழிவார்களே, அதைச் சொல்லும் அதே குரலில்தான் இதையும் சொன்னார்.

அமெரிக்கப் படத்தின் மேல் அவருக்குப் பல குறை உண்டு. பாதிப் படம் வரைக்கும் மிருகத்தைக் காட்டாமல் வாலை மட்டும், நிழலை மட்டும் காட்டுகிறான், மறைக்கிறவன் மேல் எனக்குச் சந்தேகம் வரும் என்பார். ஜப்பான்காரன் பட்டப்பகலில் முழு உருவத்தையும் நிறுத்திக் காட்டிவிடுகிறான், பிடித்தால் பார், இல்லாவிட்டால் போ. அமெரிக்கப் படத்தில் ஊரே ஓடும், ஆனால் கேமரா ஒரே குடும்பத்தின் பின்னாலேயே போகும். அந்தக் குடும்பம் பிழைத்துவிட்டால் படம் முடிந்தது. மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று எவனும் கேட்பதில்லை. ஜப்பான் படத்தில் ஜனங்களை வெளியேற்றுவதைப் பொறுமையாகக் காட்டுவார்கள். மைக் வைத்த வண்டி போகும், மூட்டை தூக்கிக்கொண்டு வரிசையாக நடப்பார்கள், நடக்க முடியாதவர்களை முதுகில் சுமப்பார்கள். ஆபீசர்கள் பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வரைபடத்தில் கோடு போடுவார்கள். அக்காவும் நானும் கொட்டாவி விடும் அந்த இடத்தில்தான் அவர் ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்துவார். எத்தனை லாரி, எந்தத் தெரு முதலில், எந்தத் தெரு பிறகு என்று பார்ப்பார்.

ஒரு தடவை நான் விடாமல் வாதாடினேன். அமெரிக்கப் படத்தில் ஒருத்தன் முதலிலிருந்தே ஆபத்து என்று சொல்லிக்கொண்டிருப்பான், யாரும் நம்ப மாட்டார்கள், கடைசியில் அவன் சொன்னதுதான் நடக்கும், அவன் உங்களைப் போலத்தானே, உங்களுக்குப் பிடிக்க வேண்டாமா என்று கேட்டேன்.

"அதான்மா புடிக்கல. அந்தப் படத்துல சந்தேகப்படறவன் சொல்றது எல்லாம் நடக்குது. நான் முப்பது வருஷம் ஊசியப் பாத்தவன். பாதி நேரம் நான் சொன்னது தப்பு."

சந்தேகம் அவருக்குக் கண் சிமிட்டுவது போல. எதைச் சொன்னாலும் "யாரு அளந்தது?" என்பார். ரயில் இருபது நிமிஷம் லேட் என்றால், யாரு அளந்தது. இந்த வருஷம் மழை குறைச்சல் என்றால், யாரு அளந்தது. அக்கா அவருக்குத் தைத்த சட்டையை வாங்கியவுடன் டேப்பை எடுத்துத் தோளை அளந்தார். அக்கா அதை மறக்கவே இல்லை.

அக்காதான் ஒரு நாள் அந்தப் பேச்சை எடுத்தாள். மாரிகுப்பம் பக்கம் ஒரு லைனில் இப்படித்தான் பூமி இறங்குகிறது என்று யாரோ பயமுறுத்தி எல்லோரையும் காலி பண்ண வைத்தார்களாம். பிறகு அந்த இடத்தில் யாரோ கம்பி வேலி போட்டுவிட்டார்களாம். இந்த மனுஷனும் யாருக்கோ வேலை செய்கிறான், இல்லாவிட்டால் வீடு வீடாகக் கண்ணாடி ஒட்ட இவனுக்கு இன்னா தலையெழுத்து என்றாள்.

அந்தச் சமயத்தில் அந்தப் பேச்சு எனக்குள் இறங்க ஒரு காரணம் இருந்தது. எங்கள் வீடு என் மாமனாருக்கு மைன்ஸ் கொடுத்த வீடு. அவர் காலமாகிவிட்டார். வேலை பார்த்தவர்களின் வாரிசுகளுக்கே வீட்டை எழுதிக் கொடுக்கப்போகிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. என் வீட்டுக்காரர் காகிதங்களைத் தேடி எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். இந்த நேரத்தில் 'ஆபத்தான வீடு' என்று ஒரு பேர் விழுந்தால் எல்லாம் போச்சு. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் எனக்கு மனசு ஒட்டவில்லை. அவர் படத்தை நிறுத்தித் தெருக்களை எண்ணும்போது, எங்கள் லைனை எந்த வரிசையில் காலி பண்ணுவது என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறாரோ என்று தோன்றும். அவருடைய நோட்டில் ஏழு வீட்டின் படம் வரைந்து நடுவில் சிவப்புக் கோடு ஒன்று போட்டிருந்ததையும் ஒரு நாள் பார்த்துவிட்டேன். எங்களுடையது ஆறாவது வீடு. கோடு நாலாவது வீட்டோடு நின்றிருந்தது.

ஆடி மாதம் ஒரு காலை தண்ணீர் பிடிக்கக் குழாய்க்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது அவர் எங்கள் வீட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். கண்ணாடி பார்க்க வந்தேன், நல்லாத்தான் கீது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை அந்தக் கண்ணாடி நடுவில் நேராக உடைந்திருந்தது.

எனக்கு ஒரு நிமிஷம்கூட வேறு நினைப்பு வரவில்லை. அவர்தான் தட்டி, விரிசல் விட வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று முடிவு பண்ணிவிட்டேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு பழைய சாமி படத்தின் உடைந்த கண்ணாடியில் ஒரு துண்டு எடுத்து, கல்லில் தேய்த்து அளவு பண்ணி, கடையில் வெள்ளை சிமென்ட் வாங்கி அதே இடத்தில் ஒட்டினேன். பழைய சிமென்ட் போல இருக்க டீத்தூள் தண்ணீர் தடவினேன். அடுத்த வாரம் அவர் வந்து பார்த்து, நோட்டில் ஒரு டிக் போட்டுவிட்டுப் போனார். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே சந்தோஷமாக இருந்தது.

மூணாவது வீட்டிலும் நாலாவது வீட்டிலும் கண்ணாடி உடைந்தது. அதைத் தாண்டி எங்கள் வீட்டில் உடையவில்லை. அதனால் பூமி இறங்கும் வழியான அந்தச் சிவப்புக் கோடு நாலாவது வீட்டோடு ரோட்டுப் பக்கம் திரும்பி, வாசல்களுக்கு முன்னால் போகிறது என்று அவர் கணக்குப் போட்டார். கடைசி வீட்டு அக்காவிடம் போய், உன் முன்வாசல் பக்கம்தான் சந்தேகம், தண்ணி டிரம், துவைக்கிற கல், பாரமான சாமான் எல்லாத்தையும் பின்கட்டுக்கு மாத்திக்கோ, அங்க பயமில்ல என்று சொன்னார். அக்கா முணுமுணுத்தாள், ஆனால் மாற்றினாள். நான் அப்போது அவள் வீட்டு வாசலில் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டு நின்றிருந்தேன். எல்லாம் என் காதில் விழுந்தது.

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. காலை பத்து, பத்தரை இருக்கும். அக்கா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். லாரியிலிருந்து மண் சரிவது போல ஒரு சத்தம், பிறகு அக்காவின் குரல். ஓடிப் போய்ப் பார்த்தால் துவைக்கிற கல்லும் இல்லை, டிரம்மும் இல்லை. தரையில் ஒரு பள்ளம், அதில் ஆள் உயரத்துக்குக் கீழே அக்கா, இடுப்பு வரைக்கும் சேற்றில். ஓரத்து மண் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

நான் பள்ளத்தை நோக்கி ஓடினேன். பின்னாலிருந்து அவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார்.

"நிக்காத. படு. எல்லாரும் படுங்க."

அவர் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை. வந்தவர்கள் எல்லோரும் படுத்தார்கள். எங்கள் வீட்டுப் பின்கதவைக் கழற்றி வரச் சொன்னார், தன் வீட்டிலிருந்து கயிற்றையும். அதைப் பள்ளத்தின் ஓரத்தில் பலகை போலப் போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து போனார். கீழே கையை நீட்டி அக்காவின் அக்குளுக்குள் கயிற்றைக் கொடுத்துக் கட்டினார். அது முடியும் வரைக்கும் அவளிடம் பேச்சு கொடுத்துக்கொண்டே இருந்தார், கொக்கி கட்டாத ஜாக்கெட் யாருடையது, எப்போது கொடுக்க வேண்டும் என்றெல்லாம். ஆறு பேர் படுத்தபடியே கயிற்றை இழுத்தார்கள்.

அக்கா பிழைத்தாள். ஆனால் இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளால் தையல் மெஷினை மிதிக்க முடியவில்லை.

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பிய அன்றே லைனில் பேச்சு மாறிவிட்டது. இந்த ஆள் சொல்லித்தானே டிரம்மைப் பின்னால் வைத்தாள் என்றார்கள். எங்கே இறங்கும் என்று தெரிந்துதான் அங்கே வைக்கச் சொன்னான் என்றார்கள். கயிறு எப்படி அவன் வீட்டில் தயாராக இருந்தது என்று ஒருவர் கேட்டார். யாரோ புகார் கொடுத்து போலீஸ்கூட வந்து விசாரித்துவிட்டுப் போனது. கோடு எப்படிப் பின்பக்கம் போயிற்று என்று அவருக்கே புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. போலீஸ்காரரிடம், "என் கணக்கு தப்பு" என்று மட்டும் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கதவு திறக்கவில்லை.

நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் முற்பகலில் அவர் வீட்டுக்குப் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார், ஓசூருக்குப் போகிறேன் என்றார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி உடைந்தது, அவர் மேல் நான் சந்தேகப்பட்டது, சாமி படத்துக் கண்ணாடி, டீத்தூள் தண்ணீர். சொல்லி முடித்துவிட்டு அடி வாங்கக் காத்திருப்பவள் போல நின்றேன்.

அவர் கோபப்படவில்லை. பெட்டிக்குள்ளிருந்து நோட்டைத் தேடி எடுத்தார்.

"எந்த வாரம்மா ஒடைஞ்சுது? ஆடி மொத வாரமா, ரெண்டாவதா?"

சொன்னேன். நேராக உடைந்ததா, சாய்வாக உடைந்ததா என்று கேட்டார். நேராக என்றேன். எழுதினார். சிவப்புப் பென்சிலை எடுத்து, ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்த கோட்டைக் குறுக்கே அடித்துவிட்டு, நாலாவது வீட்டிலிருந்து நேராக இழுத்தார். கோடு எங்கள் வீட்டுக்கு அடியில் புகுந்து அக்காவின் பின்கட்டில் போய் நின்றது. அதைப் பார்த்தபோது அவர் முகத்தில் தெரிந்தது வருத்தமா நிம்மதியா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"இன்னிக்கே காலி பண்ணுங்க. சாமானுக்கு நிக்க வேணாம். ராத்திரி அங்க தூங்காதீங்க."

இந்த இடத்தை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். அத்தனையும் நடந்த பிறகும், அவர் எதிரில் குற்றவாளியாக நின்றுகொண்டிருந்தபோதும், என் மனசில் முதலில் வந்தது சந்தேகம்தான். நான் செய்ததற்குப் பழி வாங்குகிறாரா, எங்களை வீட்டை விட்டுக் கிளப்பப் பார்க்கிறாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் அதைப் பார்த்திருப்பார். நோட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

வீட்டுக்காரர் ரயில் விட்டு இறங்கியதும் ஸ்டேஷனிலேயே பிடித்து எல்லாம் சொன்னேன். அவர் என்னைத் திட்டினார், பிறகு நோட்டுப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். அன்று பங்காரப்பேட்டையில் அவருடைய சித்தப்பா வீட்டில் தங்கினோம். அந்த வாரமே சாமான்களை எடுத்துவிட்டோம். வீட்டுக் காகிதங்கள் இன்னும் அதே பிளாஸ்டிக் கவரில் இருக்கின்றன. எங்களுக்கு அந்த வீடு கிடைக்கவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பிறகு யாரோ வந்து லைனைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். யார் போட்டது என்று கேட்டால் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

அவர் ஓசூரிலேயே இறந்துவிட்டதாக இரண்டு வருஷம் கழித்துத் தகவல் வந்தது.

எங்கள் வீடு இன்றுவரை விழவில்லை. பதினைந்து வருஷ மழை பார்த்துவிட்டது. கோரமண்டலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ரயில் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்ப்பேன், கூரை தெரியும். விழாததால் அவர் சொன்னது தப்பு என்று நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. சரி என்று சொல்லவும் கையில் ஆதாரம் எதுவும் இல்லை.

அக்கா இப்போது மகனோடு பங்காரப்பேட்டையில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். கோலை ஊன்றி நடக்கிறாள். இத்தனை வருஷமும் நான் அவளைப் பார்க்கப் போவேன், அவள் அவரைத் திட்டுவாள், நான் கேட்டுக்கொண்டு வருவேன். போன வருஷம் ஒரு சாயங்காலம் தாங்க முடியாமல் போயிற்று. அவர் மேல் தப்பில்லை அக்கா, கண்ணாடியை மாத்தி ஒட்டினது நான்தான், அதனால்தான் அவர் கணக்கு தப்பிப்போச்சு என்று எல்லாவற்றையும் சொல்லி, அந்த நோட்டுப் பக்கத்தையும் எடுத்து அவள் மடியில் வைத்தேன். என்னை அடித்தாலும் சரி, வாசல் மிதிக்காதே என்றாலும் சரி என்று நினைத்துத்தான் போனேன்.

அக்கா அந்தக் காகிதத்தை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இத்த உனக்கு யாரு குடுத்தது, அந்த ஆளுதானே?" என்றாள். "செத்தும் உன்ன வெச்சு பேச வெக்கிறான் பாரு."

காகிதத்தை நாலாக மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, காபி போடச் சொல்லி மருமகளைக் கூப்பிட்டாள்.